ஒரே ராத்திரியில் ஒரு முழு நாடகம்

கல்ச்சுரல்ஸுக்கு பத்து நிமிஷ ஸ்கிட் எழுத எங்க டீமுக்கு மூணு வாரம் ஆச்சு. சங்கரதாஸ் சுவாமிகள் ‘அபிமன்யு சுந்தரி’ நாடகம் முழுசையும் ஒரே ராத்திரியில் எழுதினவர்!

1867-ல் தூத்துக்குடி பக்கம் காட்டுநாயக்கன்பட்டியில் பிறந்தார். கொஞ்ச நாள் உப்பளத்தில் கணக்கு எழுதினார். பிறகு நாடகத்துக்கு வந்துட்டார். எமன், சனீஸ்வரன், இரணியன்னு மிரட்டுற வேஷங்கள். அதைப் பார்த்துப் பயந்த ஒரு பெண்ணுக்குக் கரு கலைஞ்சதால், வேஷம் போடுறதையே விட்டார்னு சொல்வாங்க.

அப்போ மேடையில் பாட்டுதான் முக்கியம். வசனத்தை நடிகர்கள் அவங்க இஷ்டத்துக்குப் பேசுவாங்க. கதை எங்கேயோ போயிடும். சுவாமிகள் பாட்டு, வசனம் ரெண்டையும் எழுதிக் கொடுத்து, அதையே பேச வெச்சார். பெரிய நடிகர்கள் கட்டுப்படலை. அதனால சின்னப் பசங்களைப் பழக்கினார். 1918-ல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபா தொடங்கியது. அங்கே அவர்கிட்ட பாடம் படிச்சவங்கதான் டி.கே.எஸ். சகோதரர்கள். அவங்களில் சின்னப் பையனா இருந்த சண்முகத்துக்காக எழுதினதுதான் ‘அபிமன்யு சுந்தரி’. அதே சண்முகத்தின் கம்பெனியில்தான் பின்னாடி சிறுவன் கமல்ஹாசன் நடிப்புப் பழகினார்.

கடைசியில் சுவாமிகளுக்குப் பக்கவாதம். பேச்சு போயிடுச்சு. ஆனா அவர் எழுதின வசனத்தைப் பசங்க தினமும் மேடையில் பேசிட்டிருந்தாங்க. 1922 நவம்பர் 13-ல் புதுச்சேரியில் காலமானார். எழுதினது சுமார் 68 நாடகங்கள். நம்ம கைக்குக் கிடைச்சிருக்கிறது அதில் கொஞ்சம்தான். அடுத்த கல்ச்சுரல்ஸில் அதில் ஒண்ணைப் போடலாமே?