காணாத கிருமி

புத்தளம் களப்புக் கரையில் மாலையில் பட்டி திரும்பும் மாடுகளைக் காணுந்தோறும் எனக்கு றொபேட் கொக் நினைவுக்கு வருவார்.

1843ஆம் ஆண்டு ஜெர்மனியில் பிறந்த அவர், கிராம வைத்தியராயிருந்தபோதே கால்நடைகளைக் கொல்லும் அடைப்பான் நோயின் கிருமியை ஆராய்ந்து, 1876இல் அதன் வரலாற்றை உலகுக்கு விளக்கினார். 1882இல் காசநோய்க் கிருமியைக் கண்டறிந்து பெரும்புகழ் எய்தினார்.

அம்மேதைக்கும் ஒரு சோதனை வந்தது. ஆபிரிக்காவின் வடபாலிருந்து இறங்கிய வெக்கை நோய், தென்னாபிரிக்காவில் மந்தை மந்தையாக மாடுகளை மாய்த்தது. 1896இன் இறுதியில் கிம்பர்லிக்கு அழைக்கப்பட்ட கொக், எவ்வளவு தேடியும் கிருமி அகப்படவில்லை. அது அவருடைய நுணுக்குக்காட்டிக்குப் புலப்படாத வைரசு என்பது பின்னரே தெளிவாயிற்று.

அவர் சோர்ந்துவிடவில்லை. நோயால் மடிந்த மாட்டின் பித்தநீரை நலமுள்ள மாட்டுக்கு ஏற்றும் வழக்கம் அங்குள்ள விவசாயிகளிடம் முன்னரே இருந்தது. அதனை எள்ளாது சோதித்து, 1897இல் தடுப்பு முறையாக அறிவித்தார். அம்முறையிலும் குறையுண்டு; ஊசி ஏற்றப்பெற்ற மாடுகள் சில நோயுற்று இறந்தன. பின்வந்தோர் அதனினும் சிறந்த மருந்துகளைக் கண்டனர்.

1910இல் கொக் மறைந்தார். 1987இல் நம் இலங்கையிலும் மீண்டும் தலைதூக்கிய வெக்கை, 2011இல் உலகினின்றே ஒழிந்ததென அறிவிக்கப்பட்டது.

கொக்கின் வரலாற்றை மாணவர்க்குச் சொல்லும்போது, அவர் கண்ட கிருமிகளைப் பின்னர் கூறுவேன். காணாத கிருமியின்முன், உழவர் சொல்லுக்குச் செவிசாய்த்த அவருடைய பணிவையே முதலிற் கூறுவேன்.