கூலிக்காரர் பிள்ளைகளிடம் தொடங்கிய மாண்டிசோரி

மாண்டிசோரி என்று பெயர்ப்பலகை மாட்டிய பள்ளியைக் கண்டால் நம் சனம் ஒதுங்கித்தான் போகும். கட்டணம் அப்படி. ஆனால் அந்தப் பெயருக்கு உரிய மரியா மாண்டிசோரி பணக்காரப் பிள்ளைகளுக்காகத் தன் வேலையைத் தொடங்கவில்லை. படிப்பே ஏறாது என்று கைவிடப்பட்டவர்களிடமும் கூலிக்காரர் பிள்ளைகளிடமும்தான் தொடங்கினார்.

1870 ஆகஸ்ட் 31 அன்று இத்தாலியின் கியாரவல்லே என்ற சிற்றூரில் அவர் பிறந்தார். பெண் மருத்துவம் படிப்பதை ஊர் ஏற்காத காலம் அது. ஆண் மாணவர்களோடு நின்று பிணத்தை அறுத்துப் படிக்க அவருக்கு அனுமதி இல்லை. எல்லோரும் போனபின் தனியாக நின்று படித்தார். 1896இல் மருத்துவரானார்.

ரோம் நகரத்து மனநலக் காப்பகங்களில், மூளை வளர்ச்சி இல்லை என்று அடைத்து வைத்திருந்த குழந்தைகளைப் பார்த்தார். வெறும் அறை. கையில் எடுத்துப் பார்க்க ஒரு பொருள்கூட இல்லை. இவர்களுக்கு மருந்தைவிடக் கல்விதான் தேவை என்று முடிவுசெய்து, தொட்டும் தடவியும் கற்கும் முறையில் எழுத்து சொல்லிக்கொடுத்தார். அவர்களில் சிலர் மற்ற பள்ளிப் பிள்ளைகள் எழுதும் தேர்வையே எழுதித் தேறினார்கள். எல்லோரும் வியந்தார்கள். மாண்டிசோரிக்கோ வேறொரு கேள்வி எழுந்தது. இவர்களே தேறும்போது, எந்தக் குறையும் இல்லாத பிள்ளைகளைப் பள்ளிகள் எவ்வளவு அமுக்கி வைத்திருக்கின்றன?

விடை சான் லொரென்சோவில் கிடைத்தது. ரோமில் ஏழைகள் நெருக்கியடித்து வாழ்ந்த பகுதி அது. பெற்றோர் வேலைக்குப் போனதும் தொகுப்பு வீடுகளின் படிக்கட்டுகளில் பிள்ளைகள் ஓடித் திரிந்து சுவரைக் கிறுக்கினார்கள். கட்டடத்தைக் காப்பாற்றத்தான் அதன் நிறுவனம் ஓர் அறையை ஒதுக்கி, மாண்டிசோரியிடம் பொறுப்பைக் கொடுத்தது. 1907 சனவரி 6 அன்று ஏறக்குறைய 50 பிள்ளைகளோடு குழந்தைகள் இல்லம் திறந்தது.

இவ்வளவு சிறிய வயதில் எழுத்து வேண்டாம் என்றுதான் அவர் முதலில் நினைத்தார். படிக்காத தாய்மார்களே வந்து வற்புறுத்தினார்கள். அதன்பின் உப்புத்தாளில் எழுத்துகளை வெட்டி அட்டையில் ஒட்டினார். பிள்ளை விரலால் எழுத்தைத் தடவும். அதன் ஒலியைச் சொல்லும். கண், காது, வாய், விரல் நான்கும் சேர்ந்து கற்றன. நம் திண்ணைப் பள்ளியில் மணலில் விரலால் எழுதியதும் இதே வழிதான். அந்தத் திண்ணையில் நம் பாட்டன்மார் ஏற முடிந்ததில்லை என்பது வேறு கதை.

பிறகு தனித்தனி அட்டை எழுத்துகளைக் கொடுத்தார். ஒரு சொல்லை ஒலி ஒலியாகப் பிரித்துப் பிள்ளைகள் அடுக்கினார்கள். ஒரு குளிர்கால நாளில் மாடியில் சுண்ணக்கட்டியால் புகைபோக்கியை வரைந்துகொண்டிருந்த சிறுவன், தனக்கு எழுத வருகிறது என்று கத்திக்கொண்டே தரையில் சொற்களை எழுதினான். மற்றவர்களும் தொடர்ந்தார்கள்.

வாசிப்பு அதற்குப் பின்னர்தான் வந்தது. எழுதும்போது சொல் நம் மனத்திலேயே இருக்கிறது. வாசிக்கும்போதோ அடுத்தவர் எழுதிய சொல்லைக் கண்டுபிடிக்க வேண்டும். கூட்டிய எழுத்துகள் தனக்குத் தெரிந்த சொல்லாக மனத்தில் விழும்போதுதான் அது வாசிப்பு. அதனால் பிள்ளைகள் அறிந்த பொருள்களின் பெயர்களையே முதலில் சீட்டுகளில் எழுதிக் கொடுத்தார்.

இத்தாலியில் முசோலினி ஆட்சி அவர் பள்ளிகளை மூடியது. 1939இல் பிரம்மஞான சபையின் அழைப்பில் சென்னை அடையாறுக்கு வந்தார். போரில் இத்தாலி எதிரி நாடானதால் ஆங்கில அரசு அவர் நடமாட்டத்துக்குக் கட்டுப்பாடு விதித்தது. அடையாறிலும் கொடைக்கானலிலும் தங்கி ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். 1952 மே 6 அன்று நெதர்லாந்தில் இறந்தார்.

நம் பிள்ளைகள் ஏன் வாசிக்கத் திணறுகிறார்கள் என்பதற்கும் இந்த வாழ்க்கையில் விடை இருக்கிறது. ஒலியைப் பழக்காமல் எழுத்தை மட்டும் உருப்போட வைத்தால் பிள்ளை திணறும். வீட்டில் பேசும் சொல் பாடப்புத்தகத்தில் இல்லாவிட்டால் திணறும். கடைசி வரிசையில் உட்காரவைத்து, தப்பாகப் படித்தால் சிரித்தால், வாயே திறக்காது. சில பிள்ளைகளுக்கு எழுத்தையும் ஒலியையும் இணைப்பதிலேயே இயல்பாகச் சிரமம் உண்டு. டிஸ்லெக்சியா என்பார்கள். அது எந்தச் சாதியிலும் வரும். அறிவுக் குறைவும் அல்ல. அவர்களுக்குக் கூடுதல் நேரமும் பொறுமையும் வேண்டும்.

இதில் எங்கும் சாதி காரணமாக வரவில்லை. சாதி பார்த்து ஒதுக்கும் பள்ளிதான் காரணமாக வருகிறது. சேரிப் பிள்ளைக்குப் படிப்பு ஏறாது என்று இனி யாராவது சொன்னால், எப்படிச் சொல்லிக்கொடுத்தீர்கள் என்று திருப்பிக் கேளுங்கள். காலனி இரவுப் பாடசாலையில் ஒரு தட்டு மணலும் கொஞ்சம் அட்டையும் போதும். நம் பிள்ளை தினமும் பேசும் சொல்லிலிருந்தே தொடங்கலாம்.