வித்யாசாகர் எடுத்த கணக்கு

விதவை மறுமணத்துக்காகப் போராடியவர் என்று ஈஸ்வர சந்திர வித்யாசாகரைப் பள்ளியிலேயே கேள்விப்பட்டிருப்போம். ஓர் ஆண் பல பெண்களைக் கட்டிக்கொள்வதை எதிர்த்தும் அவர் போராடினார். அது நம்மில் பலருக்குத் தெரியாது.

1820-இல் வங்காளத்தின் பீர்சிங்கா கிராமத்தில், ஏழைப் பிராமணக் குடும்பத்தில் பிறந்தார். கல்கத்தா சமஸ்கிருதக் கல்லூரியில் படித்து, 1851-இல் அதே கல்லூரிக்கு முதல்வரானார்.

அந்தக் காலத்தில் அங்கே 'குலீனர்' என்ற உயர்குலப் பிராமணருக்குப் பெண் கொடுப்பது பெரிய கௌரவம். அதனால் ஒரே மாப்பிள்ளை பணம் வாங்கிக்கொண்டு ஊர் ஊராகத் தாரம் கட்டினார். மனைவிமார் அப்பா வீட்டிலேயே இருந்தார்கள். கணவன் முகத்தைச் சரியாகப் பார்க்காதவர்களும் உண்டு. அவர் இறந்தால் அத்தனை பேரும் ஒரே நாளில் விதவை!

1855-இல் இதைத் தடுக்கச் சட்டம் கேட்டு அரசுக்கு மனு கொடுத்தார். 1856-இல் விதவை மறுமணச் சட்டம் வந்தது, இது வரவில்லை. 1857 கிளர்ச்சிக்குப் பிறகு, மக்கள் வழக்கத்தில் கைவைக்க ஆங்கிலேயர் பயந்தார்கள். 1866-இல் மறுபடி மனு கொடுத்தார். அதுவும் பலிக்கவில்லை.

அவர் சும்மா இருக்கவில்லை. 1871-லும் 1873-லும் புத்தகம் எழுதினார். ஹூக்ளி மாவட்டத்தில் யார், என்ன வயது, எத்தனை மனைவி என்று பெயரோடு கணக்குப் போட்டார். சிலருக்கு ஐம்பதுக்கும் மேல்! குறிப்பிட்ட காரணம் இல்லாமல் இன்னொரு தாரம் கட்டச் சாஸ்திரம் இடம் தரவில்லை என்றும் வாதாடினார். பண்டிதர்கள் பலர் எதிர்த்தார்கள்.

1891-இல் அவர் காலமானார். இந்தியாவில் இந்து திருமணச் சட்டம் வந்தது 1955-இல்தான்.

நம்ம பக்கம், சிங்கப்பூரில் 1961-இல் மாதர் சாசனம் வந்தது. மலேசியாவில் 1976-ஆம் ஆண்டுச் சட்டம் 1982-இல் அமலானது. முஸ்லிம் அல்லாதவருக்கு ஒரு துணைதான். மனைவி இருக்கும்போது கோயிலில் இன்னொரு தாலி கட்டினால் அந்தக் கல்யாணம் செல்லாது. அந்தப் பெண்ணுக்கு மனைவி என்ற உரிமையும் கிடைக்காது.

அதனால் தங்கச்சிகளே, தம்பிகளே, முகூர்த்தம் குறிக்கும் முன்னே பதிவு பற்றிக் கேளுங்கள். இதைக் கேட்பதில் வெட்கம் எதுக்கு?