சேலம் விஜயராகவாச்சாரியார்

வாதத்தில் வென்றவர் யார் என்று கேட்பதே ஜனங்களின் வழக்கம். ஸபை தம் பக்கமில்லாதபோது ஒரு தலைவர் எவ்வாறு நின்றார் என்பதையே நாம் முதலில் கேட்போம். கரகோஷத்தின் நடுவே எவரும் தைரியசாலியாகத் தோன்றலாம்.

ஸ்ரீ சி. விஜயராகவாச்சாரியார் 1852-ல் பொன்விளைந்த களத்தூரில் பிறந்து, சேலத்தில் வக்கீல் தொழில் நடத்தியவர். எடப்புளி நாடு முதலிய கொல்லிமலை நாடுகளும் அந்நாளில் சேலம் ஜில்லாவில் அடங்கியிருந்தன. 1882-ல் சேலம் நகரில் கலகம் மூண்டது. அதைத் தூண்டினாரென்று, நகரசபை அங்கத்தினராயிருந்த இவர்மீது குற்றஞ்சாட்டிப் பத்து வருஷ தண்டனையும் விதித்தார்கள். மேல் விசாரணையில் விடுதலையடைந்தார். மற்றொருவராயின் வீடு திரும்பியதே போதுமென்று அடங்கியிருப்பார். இவரோ, சமாதானம் கூற இடங்கொடாமல் தம்மை நகரசபையினின்று நீக்கியது அக்கிரமமென்று இந்தியா மந்திரியின்மேலேயே வழக்குத் தொடுத்தார். 1884-ல் ஹைகோர்ட்டார் இவர் பக்கம் தீர்ப்பளித்தனர். கிடைத்த நஷ்டஈடு 100 ரூபாய்! தொகையைக் கண்டு நகைப்பவர் வழக்கின் பொருளை அறியாதவர். ஒருவனுடைய வார்த்தையைக் கேளாமல் அவனைத் தள்ளலாகாது என்னும் நியாயம் அதில் நிலைபெற்றது. நம்போன்ற வக்கீல்கள் இன்றும் அவ்வழக்கை எடுத்துக் காட்டுகிறோம்.

பின்னர்ச் சென்னைச் சட்டசபையிலும், இந்திய சட்டசபையிலும் அங்கம் வகித்தார்.

1920 டிஸம்பரில் நாகபுரிக் காங்கிரஸுக்கு இவரே அக்கிராசனர். பதினாலாயிரத்துக்கு மேற்பட்ட பிரதிநிதிகள் கூடினர். காந்தியடிகளின் ஒத்துழையாமைத் திட்டம் முழுவதும் இவருக்கு உடன்பாடன்று. அதை மறைத்திருந்தால் பெருங்கூட்டத்தின் அன்பு எளிதில் கிடைத்திருக்கும், இவர் மறைக்கவில்லை. காங்கிரஸின் நோக்கத்தை மாற்றுவதை எதிர்த்துப் பேசிய ஜனாப் ஜின்னாவைக் கூட்டம் கூச்சலிட்டு அலைக்கழித்ததும் அம்மகாநாட்டிலேதான். ஒத்துழையாமைத் தீர்மானமோ இவரது அக்கிராசனத்திலேயே நிறைவேறிற்று. ஏற்காத தீர்மானத்துக்கு ஸபை இடந்தருவதைத் தலைமைப் பீடத்திலிருந்து கண்டிருப்பது, எதிர்க்கட்சிப் பெஞ்சியிலிருந்து முழங்குவதிலும் கடினமானது.

இவரிடம் குறையில்லையென்று நாம் கூறவில்லை. பிறரை அணைத்துக் கட்சி சேர்க்கும் சாதுரியம் இவருக்கு வாய்க்கவில்லை. வாதத்தில் காட்டிய உறுதி சிலசமயம் பிடிவாதமாகவும் தோன்றிற்று. தேசம் வேறு வழியே விரைந்தது. தம் அபிப்பிராயத்தைக் கழற்றியெறிந்து அதன்பின் ஓட இவர் இசையவில்லை. 1944 ஏப்ரலில், 91 பிராயம் நிறைந்து காலமானார்.