கல்லைச் சீவிப் பார்த்த ஸார்பி

மைக்ராஸ்கோப்பைத் தூக்கிக்கொண்டு மலையை ஆராயப் புறப்பட்ட மனிதர் என்று அவரைப் பலர் கேலி செய்தார்கள். மலை என்றால் ஏறிப் பார்க்க வேண்டும், சுத்தியலால் தட்டிப் பார்க்க வேண்டும் என்பது அந்தக் கால வழக்கம். கேலிக்கு ஆளானவர் பெயர் ஹென்றி கிளிப்டன் ஸார்பி.

1826-ம் ஆண்டு மே மாதம் 10-ந் தேதி, இங்கிலாந்தில் ஷெபீல்டு நகருக்கு அருகே ஸார்பி பிறந்தார். கத்திக்குப் பெயர் போன ஊர் அது. அவருடைய குடும்பமும் வெட்டுக் கருவிகள் செய்த குடும்பம்தான். இளம் வயதிலேயே தகப்பனாரை இழந்தார். குடும்பச் சொத்து இருந்தது. உத்தியோகம் தேடவில்லை, திருமணமும் செய்துகொள்ளவில்லை. தாயாருடன் வாழ்ந்து, ஆராய்ச்சியிலேயே பொழுதைக் கழித்தார். சர்வகலாசாலையில் படித்தவர் அல்ல!

கண்ணாடி போல் ஆன கல்

அவர் செய்தது என்ன? கல்லில் ஒரு சிறு சில்லு எடுப்பார். ஒரு பக்கத்தை வழுவழுப்பாகத் தேய்த்து, கண்ணாடித் துண்டில் ஒட்டுவார். பிறகு மறு பக்கத்தைத் தேய்ப்பார். தேய்த்துக்கொண்டே இருப்பார். ஓர் அங்குலத்தை ஆயிரம் கூறு போட்டால் ஒரு கூறு எவ்வளவோ, அவ்வளவு மெல்லியதாகும் வரை விடமாட்டார். அப்போது கருங்கல்லின் ஊடேயும் வெளிச்சம் பாயும். உள்ளே இருக்கும் தாதுக்கள் தனித்தனியாகத் தெரியும்.

1860-களில் விண்கற்களையும் இப்படியே சீவிப் பார்த்தார். உள்ளே கடுகு போலச் சின்னஞ்சிறு உருண்டைகள்! 'காண்ட்ரூல்' என்பது அவற்றின் பெயர். அவை ஒரு காலத்தில் உருகிய துளிகளாக இருந்து, குளிர்ந்து இறுகி, பிறகுதான் ஒன்றுசேர்ந்து கல்லாயின என்று ஸார்பி கண்டார். 1877-ல் இதை விளக்கிச் சொற்பொழிவும் செய்தார். விண்கல்லில் உள்ள இரும்போடு ஒப்பிட எஃகையும் மெருகிட்டுப் பார்த்தார். உலோக ஆராய்ச்சியில் ஒரு புது வழியே அதனால் பிறந்தது.

கரிக்கற்களின் ஜாதகம்

விண்கற்களில் கரி கலந்த கறுப்பு ரகம் ஒன்று உண்டு. வெளியே பார்த்தால் எல்லாம் அடுப்புக்கரி மாதிரி ஒன்றுபோலவே இருக்கும். எது எந்த வகை என்று எப்படிச் சொல்வது? அதற்கும் ஸார்பியின் சீவல்தான் கைகொடுக்கிறது.

1967-ல் வான் ஷ்முஸ், வுட் என்ற இரு விஞ்ஞானிகள் 1 முதல் 6 வரை எண் கொடுத்து வகை பிரித்தார்கள். உருண்டைகள் சிதையாமல், விளிம்பு தெளிவாக இருந்தால் அது 3. வெப்பத்தால் விளிம்பு மங்க மங்க 4, 5, 6 என்று எண் ஏறும். தண்ணீர் பட்டுத் தாதுக்கள் களிமண் போல மாறியிருந்தால் 2. முழுவதுமே மாறியிருந்தால் 1.

1969-ல் மெக்சிகோவில் விழுந்த அயெண்டே கல் 3-ம் எண். அதில் உள்ள வெள்ளைப் புள்ளிகளின் வயது சுமார் 456 கோடி ஆண்டு! பூமியே அதற்குப் பிறகு பிறந்ததுதான். அதே ஆண்டு ஆஸ்திரேலியாவில் விழுந்த மர்ச்சிசன் கல் 2-ம் எண். 1864-ல் பிரான்சில் விழுந்த ஆர்கெய் கல் 1-ம் எண். ஒரு வேடிக்கை: அதில் உருண்டைகளே கிடையாது. ஆனாலும் அதற்கு உருண்டைக் கல் குடும்பத்தில்தான் இடம். அதன் ரசாயனக் கலவை அப்படி.

ஸார்பி இவற்றையெல்லாம் காணவில்லை. தாயார் 1874-ல் காலமானபின் ஒரு படகு வாங்கி, கோடைக்காலங்களில் கடலிலேயே இருந்து ஆராய்ந்தார். சொந்த ஊரில் கல்லூரி வளரவும் பாடுபட்டார். 1908-ம் ஆண்டு மார்ச் 9-ந் தேதி ஷெபீல்டில் காலமானார். சொத்தில் ஒரு பகுதியை ஆராய்ச்சிக்கே எழுதி வைத்திருந்தார்.