ரொனால்டு ராஸ்

கண்ணுக்குப் புலப்படாத பகையை வெல்லுதல் அரிது. மலேரியாக் காய்ச்சல் பன்னெடுங்காலம் அத்தகைய பகையாகவே மக்களை வாட்டி வந்தது. சதுப்பு நிலத்தினின்று எழும் கெட்ட காற்றே அந்நோயைத் தருகிறது என்று பலரும் நம்பினர். அவ்வறியாமை இருளை அகற்றியவர்களுள் தலையாயவர் ரொனால்டு ராஸ் என்னும் மருத்துவர். அவருக்குத் துணை நின்ற கருவி நுண்ணோக்கி.

பதினேழாம் நூற்றாண்டில் ஆலந்து நாட்டு லீவன்ஹூக் ஒற்றை வில்லை கொண்ட கருவியால் நுண்ணுயிர்களைக் கண்டார். கூட்டு நுண்ணோக்கியிலோ வில்லைகள் இரண்டு இடங்களில் அமைந்திருக்கும். பொருளருகு வில்லை உருவைப் பெரிதாக்கும்; கண்ணருகு வில்லை அதனை மேலும் பெருக்கிக் காட்டும். இத்தகைய கருவியின் உதவியால் 1880-ஆம் ஆண்டில் லாவரான் என்னும் பிரெஞ்சு மருத்துவர், மலேரியா நோயாளியின் குருதியில் நோய்க்கிருமியைக் கண்டார். ஆயின், அஃது உடலினுள் புகுந்த வழி விளங்கவில்லை.

ராஸ் 1857-ஆம் ஆண்டு மே 13-ஆம் நாள் இமயமலைச் சாரலிலுள்ள அல்மோராவில் பிறந்தார். 1881-இல் இந்திய மருத்துவப் பணியில் சேர்ந்து சென்னை மாகாணத்திற்கு வந்தார். 1894-இல் இலண்டன் சென்றபோது, மான்சன் என்னும் அறிஞர் அக்கிருமியை அவருக்குக் காட்டினார். கொசுவுக்கும் அதற்கும் தொடர்பு இருக்கலாம் என்னும் தம் கருத்தையும் கூறினார். மறு ஆண்டு இந்தியா திரும்பிய ராஸ், கொசுக்களை ஒவ்வொன்றாக அறுத்து ஆராயத் தொடங்கினார். 1897-இல் நீலகிரியின் சீகூர்ப் பகுதிக்குச் சென்றபோது அந்நோய் அவரையும் பற்றியது. அவர் தளர்ந்தாரல்லர்.

அவ்வாண்டு செகந்திராபாத்தில் வெப்பம் மிகுந்திருந்தது. விசிறி வீசினால் அறுத்து வைத்த கொசுக்கள் பறந்துவிடும்; ஆதலால் காற்றின்றியே உழைத்தார். வியர்வை பட்டு நுண்ணோக்கியின் திருகுகள் துருவேறின; எஞ்சியிருந்த ஒரே கண்ணருகு வில்லையும் விரிசல் கண்டது. உசேன் கான் என்னும் நோயாளி, கூலி பெற்றுக்கொண்டு கொசுக்கள் தம்மைக் கடிக்க இசைந்தார். அக்கொசுக்களுள் ஒன்றை ஆகஸ்டு 20-ஆம் நாள் ராஸ் ஆராய்ந்தார். அதன் இரைப்பைச் சுவரில் கருநிறத் துகள்கள் பொருந்திய கிருமிகள் காணப்பட்டன!

அதன்பின் பணி மாற்றத்தால் ஆராய்ச்சி தடைப்பட்டது. எனினும், 1898-இல் கல்கத்தாவில் பறவைகளின் மலேரியாவை ஆராய்ந்து, கிருமி கொசுவின் உமிழ்நீர்ச் சுரப்பியை அடைந்து, கடியின் வழியே பரவுவதை மெய்ப்பித்தார். மனிதரிடையே அனாபிலிஸ் கொசு அந்நோயைப் பரப்புவதை இத்தாலிய அறிஞர்கள் அவ்வாண்டே நிறுவினர். 1902-இல் ராஸுக்கு நோபல் பரிசு கிடைத்தது. 1932-இல் அவர் மறைந்தார்.

தேங்கிய நீரை அகற்றிக் கொசுவை ஒழித்தால் மலேரியாவைத் தடுக்கலாம் என்னும் அறிவு, அவர் உழைப்பினால் உலகிற்கு வாய்த்தது. விரிசலுற்ற வில்லையும் விடாமுயற்சி உடையார்க்கு உண்மையைக் காட்டும்.