தலக்குளம் தந்த தளவாய்

ஆரல்வாய்மொழிக் கணவாயைப் பேருந்தில் கடக்கும்பொழுதெல்லாம் என் கண் காற்றாலைகளை விட்டுத் தென்புற மலையையே தேடும். 1809 பிப்ரவரியில் ஓர் இரவு கும்பினிப் படை அம்மலைமீது ஏறித்தான் திருவிதாங்கூரின் வாயிலைத் திறந்தது. அப்படைக்கு எதிராக நாட்டைத் திரட்டியவர், நம் மாவட்டத்துத் தலக்குளத்தில் 1765இல் பிறந்த வேலுத்தம்பி.

1799இல் அரசனின் அமைச்சர்கள் செல்வரிடம் கட்டாயப் பணம் பறித்தனர். தம்மிடமும் கேட்கப்படவே, வேலுத்தம்பி மூன்று நாள் தவணை பெற்று ஊர் திரும்பினார். பணத்துக்குப் பதிலாக மக்களைத் திரட்டித் திருவனந்தபுரம் சென்றார். அமைச்சர்கள் வீழ்ந்தனர். 1802இல் அவரே தளவாயானார். கடுமையான ஆட்சி அது. அக்கடுமையை நான் போற்றவில்லை.

அவருடைய பெரும்பிழை வேறு. 1804இல் நாயர் படையினர் கலகம் செய்தபொழுது கும்பினியின் துணையை நாடினார். அதன் விலைதான் 1805ஆம் ஆண்டு உடன்படிக்கை. ஆண்டுக்கு 8 இலட்சம் ரூபாய் கப்பம்! பொக்கிஷமோ வெறுமை. பாக்கி ஏற ஏற, ரெசிடெண்ட் மெக்காலேயின் நெருக்குதலும் ஏறிற்று. வளர்த்த நட்பே கழுத்தை இறுக்கியது.

1808 டிசம்பரில் கொச்சியின் பாலியத்தச்சனுடன் சேர்ந்து ரெசிடெண்டின் மாளிகையைத் தாக்கச் செய்தார், மெக்காலே தப்பிவிட்டார். 1809 ஜனவரியில் குண்டறையில் விளம்பரம் வெளியிட்டார். உப்பு கும்பினியின் ஏகபோகமாகும், நிலமெல்லாம் அளந்து எடுக்கப்படும், வயலுக்கும் தென்னைக்கும் தாங்கவொண்ணா வரி விழும் என்பது அதன் சாரம். சாதி ஒழுங்கு குலையும் என்ற அச்சத்தையும் அதில் கிளப்பினார். அவ்வொழுங்கின் கீழ் நசுங்கிக் கிடந்தோர்க்கு அச்சொல் என்ன ஆறுதல் தந்திருக்கும் என்று நான் எண்ணுவதுண்டு.

ஆரல்வாய்மொழிக்குப் பின் உதயகிரியும் பத்மநாபபுரமும் வீழ்ந்தன. அரசனும் கைவிட்டான். மண்ணடிக் கோயிலில் பிடிபடாமலே தளவாய் உயிர் நீத்தார். தம்பி பத்மநாபன் தூக்கிலிடப்பட்டார். பகைமை அத்துடன் அடங்கவில்லை. தளவாயின் உடலைத் திருவனந்தபுரம் கொண்டு சென்று, கண்ணம்மூலையில் தூக்குமரத்தில் தொங்கவிட்டனர். அமெரிக்காவின் புளோரிடாவில் தம் நிலத்தை விட மறுத்த செமினோல் வீரர் ஒசியோலாவின் கதையும் இதுவே. சமாதானக் கொடியின்கீழ் வந்தவரை 1837இல் சிறைப்பிடித்தனர். 1838இல் அவர் இறந்ததும் மருத்துவர் ஒருவரே தலையை அறுத்து எடுத்துக்கொண்டார்.

திருவிதாங்கூர்ப் படை கலைக்கப்பட்டது. 1811இல் ரெசிடெண்ட் மன்றோவே திவானாகவும் அமர்ந்தார்.